மதுரைக்குப் புறப்படும் முன்...

சில ஆண்டுகளுக்கு முன்பு ஷவ்வால் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு நானும் என் துணைவியும் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் மதுரைப் பேருந்து ஏறினோம். திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, தைராய்டு போன்ற நாளமில்லாச் சுரப்பிகளின் நோய்களுக்கென்றே தனியாகப் படித்த சிறப்பு மருத்துவர் ஒருவரின் வாசலில் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. உள்ளே நாங்கள் இருந்த நேரம் பத்து நிமிடங்களைத் தாண்டியிராது.

"எத்தனை ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" என்று மருத்துவர் வினவினார்.

"மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கும்" என்றேன்.

"முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள் எங்கே?"

"வீட்டில் இருக்கின்றன, டாக்டர்."

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை."

எல்லா வினாக்களுக்கும் விடை சொன்னவன் நானே. நோயாளி என் பக்கத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். எங்கள் கையில் இருந்தது முதல் நாள் காரைக்குடியில் எடுத்த ஒரே ஒரு பரிசோதனைத் தாள். அதில் டி.எஸ்.எச். அளவு 21 என்றிருந்தது. மருத்துவர் என் துணைவியின் எடையைப் பார்த்தார், 70 கிலோ. அந்த எடைக்கும் அந்த அளவுக்கும் ஏற்ப, அதுவரை 75 மைக்ரோகிராமாக இருந்த மாத்திரையை 125ஆக உயர்த்தி எழுதிக் கொடுத்தார். கையில் கிடைத்த செய்தியைக் கொண்டு அவர் எடுத்த முடிவில் பிழை இல்லை. பிழை, நாங்கள் கொடுத்த செய்தியில் இருந்தது.

மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ரமளான் மாதம் முழுவதும் அவர் அதை எப்படிச் சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. எல்லோருக்கும் ஸஹர் உணவைப் பரிமாறிவிட்டு, நேரம் முடியும் தறுவாயில் தாமும் இரண்டு கவளம் உண்டு, தேநீரோடு தைராய்டு மாத்திரையையும் இரத்தசோகைக்காகக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். அப்படி விழுங்கினால் தைராய்டு மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும் என்பதை நாங்கள் இருவருமே அறிந்திருக்கவில்லை. ரமளானுக்கு முன்பு எடுத்த தாளில், அதே 75 மைக்ரோகிராமில் டி.எஸ்.எச். அளவு 3 என்று சரியாகத்தான் இருந்தது. அந்தத் தாள் எங்கள் வீட்டு அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. அது கையில் இருந்திருந்தால், இடையில் என்ன மாறியது என்று மருத்துவர் கட்டாயம் கேட்டிருப்பார்.

நோன்பு முடிந்து, பழையபடி காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய உடலுக்கு 125 மைக்ரோகிராம் மிகையாகிவிட்டது. நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை. இரண்டு மாதங்கள் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மறுபடியும் மதுரைக்குப் போனால் ஒரு நாள் வகுப்பும் செலவும் ஆகுமே என்பதுதான் காரணம். ஒரு நாள் பின்னிரவில் அவர் முற்றத்தில் தனியாக அமர்ந்திருந்ததைக் கண்டு வினவிய பிறகே எனக்குத் தெரிந்தது. இரத்தம் பரிசோதித்தோம். டி.எஸ்.எச். 0.05 ஆகத் தாழ்ந்திருந்தது.

இந்த அனுபவத்தை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும் நம் இல்லங்களில் இந்நோய் இல்லாத தெரு அரிதாகிவிட்ட காலத்தில், பிறருக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

சோம்பல் என்று எண்ணிய நோய்

நோய் தொடங்கிய காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். சித்திரை வெயிலில் காரைக்குடி வெந்துகொண்டிருக்கும்போது என் துணைவி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை கேட்பார். முகம் சற்று வீங்கினாற்போல இருந்தது. குரல் கரகரத்தது. உணவு குறைந்தும் எடை ஏறியது. மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மறதி, மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கம்பக்கத்தார் வயதாகிறது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். நான் சோம்பல் என்று நினைத்தேன். ஓரிரு முறை அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

தைராய்டு குறைவு மெல்ல மெல்ல வருவது. அதன் அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் கற்பிக்க முடியும். ஆகவேதான் பலருக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. சென்னை உட்பட நம் நாட்டின் 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு இருப்பதாகக் கண்டது. பெண்களில் இது நூற்றுக்கு ஏறத்தாழ 16; ஆண்களில் 5. வயது வந்த பெண்கள் அறுவர் இருக்கும் ஒரு கூட்டுக்குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் வியப்பதற்கில்லை.

கழுத்தில் உள்ள சிறு சுரப்பி

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டு சுரப்பி. அதன் எடை 20 கிராம் அளவே. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைக் கொண்டு டி4, டி3 என்னும் இரு ஹார்மோன்களைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. இதயம் எத்தனை வேகமாகத் துடிப்பது, குடல் எப்படி இயங்குவது, உடல் எவ்வளவு வெப்பத்தைக் காப்பது என்பவற்றிலெல்லாம் இந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு.

இச்சுரப்பிக்கு மேலாளராக மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் மற்றொரு சுரப்பி இருக்கிறது. அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். என்பது. தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏன் கூடுகிறது என்று பலரும் குழம்புகிறார்கள். எங்கள் மத்ரஸாவில் பாடம் ஒப்புவிக்கும் மாணவனின் குரல் தாழத் தாழ உஸ்தாதின் குரல் உயரும். மாணவன் நன்றாக ஓதினால் உஸ்தாத் அமைதியாகிவிடுவார். அதைப் போன்றதே இது. தைராய்டு சரியாகச் சுரக்காதபோது பிட்யூட்டரி தன் குரலை உயர்த்துகிறது. மருந்து மிகையானால் அக்குரல் அடங்கிப் போகிறது. வளர்ந்தோரில் டி.எஸ்.எச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இவ்வரம்பு சிறிது மாறுபடும்.

சுரப்பி ஏன் குறைகிறது? உலகின் பல பகுதிகளில் அயோடின் பற்றாக்குறை காரணமாக இருந்தது. வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 முதல் இன்றைய ஹிமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு செய்து, உப்பில் அயோடின் சேர்த்தால் முன்கழுத்துக் கழலை குறைவதை மெய்ப்பித்தனர். 1962இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பது 2006ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

அயோடின் கலந்த உப்பை உண்ணும் வீடுகளிலும் இந்நோய் வருவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தவறுதலாகத் தைராய்டு சுரப்பியைத் தாக்கி அழிப்பதுதான் அது. 1912இல் இதனை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. இது குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. இவ்வகை நோய்க்கு அயோடின் மாத்திரைகளையோ கடற்பாசிப் பொடியையோ கூடுதலாக உண்பது நன்மை தராது, தீங்காகவும் முடியலாம்.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து மாத்திரை வரை

"இந்த மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது? நாம் சாப்பிடலாமா?" என்று என் மாமியார் ஒருமுறை வினவினார். முறையான கேள்வி. அதற்கு விடை மருந்தின் வரலாற்றில் இருக்கிறது.

1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர், நோய் முற்றிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழி செலுத்தினார். மந்தமாகக் கிடந்தவர் நலம் பெற்றார். 28 ஆண்டுகள் அம்மருந்தின் துணையோடு வாழ்ந்து, 1919இல் தம் 74ஆம் வயதில் காலமானார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. பின்னர் பன்றி, மாடு ஆகியவற்றின் சுரப்பியை உலர்த்திய மாத்திரைகளும் வந்தன. மேலைநாடுகளில் பன்றிச் சுரப்பி மாத்திரை இன்றும் விற்கப்படுகிறது.

1914இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டால் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் அதன் அமைப்பைக் கண்டறிந்து, அடுத்த ஆண்டே ஜார்ஜ் பார்கருடன் சேர்ந்து அதனைச் செயற்கையாக உருவாக்கினார். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் லெவோதைராக்ஸின், விலங்கின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவதன்று. வேதியியல் முறையில் செய்யப்படுவது. நம் சுரப்பி சுரக்கும் டி4 எதுவோ அதுவே இதுவும். இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் மாமியாரின் முகம் தெளிந்தது. வெளிநாட்டிலிருந்து யாரேனும் "இயற்கைத் தைராய்டு" என்று கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் அது எந்த விலங்கினுடையது என்று கேட்டுக்கொள்வது நம் கடமை.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

இரண்டாம் முறை மதுரைக்குச் செல்லும் முன்பு, கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தாயின் அருகில் அமர்ந்தாள். "அத்தா, நீங்க சொல்லாதீங்க. அம்மா சொல்லட்டும், நான் எழுதுறேன்" என்றாள். அந்த ஒரு தாளின் பயனை அன்று கண்டேன். அதில் எழுதியவற்றையும் பின்னர் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். தாய்மார்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. பழைய பரிசோதனைத் தாள்கள் அனைத்தும், தேதி வரிசைப்படி. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அப்போது சாப்பிட்ட மாத்திரையின் அளவை எழுதி வையுங்கள். ஒரே ஓர் எண் மருத்துவருக்குச் சொல்வது சிறிது. எண்களின் வரிசை சொல்வது மிகுதி.

2. சாப்பிடும் மாத்திரையின் புட்டியையே கொண்டு செல்லுங்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்கும். கடையில் வேறு நிறுவன மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தால் எப்போது மாறியது என்று குறியுங்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய அளவில் செயற்படும் மருந்தில் சிறு மாற்றமும் பொருட்படுத்தத் தக்கதே.

3. மாத்திரையை உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? எந்த நேரத்தில், எதனோடு, எத்தனை நிமிடம் கழித்துத் தேநீர் அல்லது காப்பி, வாரத்தில் எத்தனை நாள் மறதி என்பவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். மருத்துவர் கோபிப்பார் என்று அஞ்சி மறைத்தால் மருந்தின் அளவுதான் தவறும்.

4. வேறு மருந்துகள் அனைத்தும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வயிற்றெரிச்சல் மருந்துகள் தைராய்டு மருந்தைக் குடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியவை. முதலிரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சித்த மருந்து, யூனானி மருந்து, சூரணம், சத்துப்பொடி எதுவாயினும் சேர்த்தே எழுதுங்கள்.

5. இப்போதுள்ள தொல்லைகள். மிகத் தொல்லை தருவதை முதலில் எழுதி, எந்த மாதத்தில் தொடங்கியது என்றும் குறியுங்கள். எடை எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பதையும் சேருங்கள்.

6. மாதவிலக்கு, கர்ப்பம், கருச்சிதைவு, பாலூட்டுதல் பற்றிய செய்திகள். மகப்பேற்றுக்கு எண்ணம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

7. குடும்பத்தில் தைராய்டு நோய், நீரிழிவு, இதய நோய் உடையோர் யார் யார் என்பது. கழுத்தில் அறுவை சிகிச்சையோ கதிரியக்க சிகிச்சையோ நடந்திருந்தால் அதன் ஆண்டு.

8. கேட்க வேண்டிய வினாக்கள், மூன்றுக்கு மிகாமல். "இந்த நோய்க்குக் காரணம் என்ன? அடுத்த பரிசோதனை எப்போது? ரமளானில் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது?" என்று நாங்கள் எழுதிச் சென்றோம்.

இரத்தப் பரிசோதனையை ஊரிலேயே முன்கூட்டி எடுத்துச் செல்வது நல்லது. ஆனால் மாத்திரையின் அளவை மாற்றி 6 முதல் 8 வாரங்கள் கழிந்த பிறகே டி.எஸ்.எச். நிலைபெறும், அதற்கு முன் எடுப்பதால் தெளிவு கிடைக்காது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், காலை வேளையில் எடுங்கள். அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பின்பு சாப்பிடுவதே பொதுவான வழக்கம். முடி உதிர்வதற்காகப் பலரும் உண்ணும் பயோட்டின் மாத்திரை தைராய்டுப் பரிசோதனையின் எண்களையே திரித்துக் காட்டக்கூடியது. அதைப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

நோயாளியே பேசட்டும்

இரண்டாம் முறை நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மகள் தாளை மருத்துவரிடம் நீட்டினாள். மூன்றாம் எண்ணுக்கு எதிரே, "நோன்பில் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பு மாத்திரையோடு, டீ குடித்துக்கொண்டு" என்று எழுதியிருந்தது. மருத்துவர் அதைப் படித்ததும் பழைய தாள்களை வாங்கிப் புரட்டினார். 75இல் 3 என்றிருந்த தாளைக் கண்டார். "அம்மா, இதை அன்றே சொல்லியிருக்கலாமே" என்று என் துணைவியைப் பார்த்துக் கேட்டார். "என்னைக் கேட்கலையே டாக்டர், அவங்களைத்தானே கேட்டீங்க" என்றார் என் துணைவி. மருத்துவர் புன்னகைத்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மருந்தை மீண்டும் 75ஆகக் குறைத்து எழுதினார். மருந்து மிகையான நிலை நீண்ட நாள் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்றும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம் என்றும் விளக்கினார். படபடப்பை இரண்டு மாதங்கள் பொறுத்துக்கொண்டது தவறு என்று கண்டித்தார்.

நம் இல்லங்களில் கணவனோ மகனோ மருத்துவரிடம் பேசுவதும், பெண்மணி பேசாமல் இருப்பதும் மரியாதை என்று கருதப்படுகிறது. வெட்க உணர்வு போற்றத்தக்கதே. ஆனால் மார்க்கத்தை அறிந்துகொள்வதற்காக மதீனாவின் அன்சாரிப் பெண்கள் தங்கள் உடல் தொடர்பான ஐயங்களையும் நாணத்தால் மறைக்காமல் கேட்டார்கள் என்பதை மத்ரஸாவில் நாமே பாடம் நடத்துகிறோம். ஆடவர் முன் சொல்லத் தயங்குவோர் பெண் மருத்துவரை நாடலாம். அல்லது தாளில் எழுதிக் கொடுக்கலாம். உடன் செல்லும் ஆண், சில நிமிடங்கள் வெளியே இருப்பதும் உதவியே.

ரமளானும் மாத்திரையும்

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்துச் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் உண்ணாதிருக்க வேண்டும். மற்ற மாதங்களில் இது எளிது. நோன்பு மாதத்தில் இரு வழிகள் உண்டு.

முதல் வழி, ஸஹருக்கு எழுந்தவுடனேயே சாப்பிடுவது. வீட்டில் முதலில் எழுபவர் பெரும்பாலும் இல்லத்தரசிதான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால், சமைத்து முடித்து உண்ண அமர்வதற்குள் வேண்டிய இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். என் துணைவி இன்று பின்பற்றுவது இம்முறையே. மாத்திரைப் புட்டியை அடுக்களைக்கு வெளியே, படுக்கையருகில் வைத்திருக்கிறார். அடுப்பின் அனலும் ஈரமும் ஒளியும் இம்மருந்தைக் கெடுக்கும் என்பதால் அதுவும் நன்மையே.

இரண்டாம் வழி, இரவு படுக்கும் முன் சாப்பிடுவது. இதற்குக் கடைசியாக உண்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நோன்புக் கஞ்சியோடும் வடையோடும் நோன்பு திறந்து, தராவீஹ் முடிந்து வந்து மீண்டும் இரவு உணவு உண்ணும் வீடுகளுக்கு இவ்வழி பொருந்தாது. இரும்புச்சத்து மாத்திரை இருப்பின், முதல் வழியைப் பின்பற்றுவோர் அதை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். எவ்வழி தமக்குப் பொருந்தும் என்பதை ரஜப் அல்லது ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

நோன்பைக் காரணம் காட்டி மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திவைப்போரும் உள்ளனர். தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே ஒரு நாள் மறந்தால் பெருங்கேடு இல்லை. ஒரு மாதம் நிறுத்தினால் நோய் முழுவதும் திரும்பிவிடும். பெரும்பாலான தைராய்டு நோயாளிகள் மாத்திரையோடு நோன்பும் நோற்க முடியும். இயலாத அளவுக்கு நோயுற்றோருக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை இறைவனே தந்திருக்கிறான்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

புதுமணப் பெண்களின் தாய்மார்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். கருவிலுள்ள சிசுவின் தைராய்டு முதல் மூன்று மாதங்களில் தனக்கு வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதில்லை. அக்காலத்தில் அதன் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது என்று யாரேனும் சொல்வதைக் கேட்டு நிறுத்துவது பெரும் தவறு. உண்மையில் கர்ப்பம் தரித்த உடனேயே மருந்தின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படுவது வழக்கம். ஆகவே, கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைகள் நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று பிறக்கின்றன. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, முதல் இரு வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். காலம் தாழ்ந்தால் அறிவு வளர்ச்சி குன்றும். பின்னர் எந்த மருந்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது. பிரசவம் பார்க்கும் இடத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

முதியோர் உள்ள வீடுகளுக்கும் ஓர் எச்சரிக்கை. மாத்திரையை நெடுநாள் விட்டுவிட்ட முதியவர் ஒருவர் எழுப்பியும் எழாத உறக்கம், உடல் சில்லிடுதல், மனக்குழப்பம் ஆகியவற்றோடு காணப்பட்டால், சிறப்பு மருத்துவரின் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

திரும்பி வந்த பின்

மருத்துவர் சொன்னதைப் பேருந்தில் ஏறும் முன்பே அதே தாளின் பின்புறம் எழுதிவிடுங்கள். புதிய அளவு, சாப்பிடும் நேரம், அடுத்த பரிசோதனையின் தேதி ஆகிய மூன்றும் போதும். எடை குறைய வேண்டும் என்று தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும், நலமாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்துவதும் கூடா. ஒரே மாதத்தில் தைராய்டு நோயை அடியோடு போக்கிவிடுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளுக்குப் பணத்தைக் கொடுத்து, நடந்துகொண்டிருக்கும் மருந்தைக் கைவிட்டவர்களை எங்கள் தெருவிலேயே அறிவேன். முட்டைக்கோஸ் போன்ற காய்களை வேகவைத்து அளவோடு உண்பதில் தடை இல்லை.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். மருத்துவரின் வாசல் வரை போய்விட்டு, அவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல் திரும்புவது அந்தத் தேடலைப் பாதியில் விடுவதாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் மகள் எழுதிய தாள் இன்று நான்காக மடிந்து, ஓரம் கிழிந்து, துணைவியின் கைப்பையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துத் தம் கையாலேயே புதிய எண்ணைச் சேர்க்கிறார். சென்ற முறை மதுரைக்குச் சென்றபோது நான் உடன் இருந்தேன்; ஆனால் மருத்துவரின் அறைக்குள் அவர் தனியாகவே சென்று வந்தார். திரும்பும் வழியில் மேலூரைக் கடக்கும்போது, "இன்னைக்கு எல்லாத்தையும் நானே கேட்டுட்டேங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.